வீட்டில் உயிர் பிரிந்தால், உடலை நாமே பார்த்துக்கொள்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் தெருவில் யார் வீட்டில் உயிர் பிரிந்தாலும் முன்பெல்லாம் முதல் ஆள் என் பாட்டியைக் கூப்பிடத்தான் ஓடி வருவான். பாட்டி ஒரு பழைய வேட்டியோடு போவாள். தாடை தொங்காமல் துணியால் நாடிக்கட்டு கட்டி, கண்ணை மூடி, கைகாலை நீட்டி விட்டு, அதற்கப்புறம்தான் அழ உட்காருவாள். இப்போது அந்த முதல் அழைப்பு ஐஸ் பெட்டிக்காரருக்குப் போகிறது. மற்றதை எல்லாம் அவரே ஆள் வைத்துப் பார்த்துக்கொள்கிறார், நாம் பணம் எடுக்கப் போகிறோம். பாட்டியிடம் கற்றதை வைத்து நான் என் அப்பாவையும் இரண்டு அத்தைகளையும் குளிப்பாட்டி அனுப்பியிருக்கிறேன். அதனால் தெரிந்தவர்கள் என்னிடம் போனில் கேட்கிறார்கள், பெரும்பாலும் நடுராத்திரியில். அந்தக் கேள்விகளும் பதில்களும்தான் இவை. தமிழ்நாட்டு நடைமுறையை வைத்து எழுதியிருக்கிறேன்.

இதையெல்லாம் குடும்பமே செய்யச் சட்டத்தில் இடம் இருக்கிறதா?

இருக்கிறது. இறுதிச் சடங்குக்கு ஏஜென்ட் வைத்தே ஆக வேண்டும் என்று இங்கே எந்தச் சட்டமும் இல்லை. சாவில் சந்தேகம் இருக்கக் கூடாது, இறப்பைப் பதிவு செய்ய வேண்டும், அனுமதி பெற்ற இடத்தில் எரிக்கவோ புதைக்கவோ வேண்டும். சட்டம் கேட்பது அவ்வளவுதான். குளிப்பாட்டுவது, உடுத்துவது, வீட்டில் வைத்திருப்பது, தூக்கிப் போவது எல்லாம் வீட்டாரின் பாடு.

மூச்சு நின்றுவிட்டது போலிருக்கிறது. முதலில் என்ன செய்வது?

எதிர்பாராத சாவு என்றாலோ, உயிர் இருக்குமோ என்று துளி சந்தேகம் இருந்தாலோ 108-ஐக் கூப்பிடுங்கள். அதில் யோசிக்க ஒன்றுமில்லை.

நாள்பட்ட புற்றுநோய், முதுமை, டாக்டரே "வீட்டுக்குக் கூட்டிப் போங்கள்" என்று அனுப்பி வைத்த நிலை என்றால் விஷயம் வேறு. நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் உட்காருங்கள். கடைசி நேர மூச்சு விட்டு விட்டு வரும், நின்றது போலிருந்து ஒரு நிமிடம் கழித்து மறுபடி இழுக்கும், அதனால் அவசரப்பட வேண்டாம். பிறகு, பார்த்துக்கொண்டிருந்த டாக்டரை வீட்டுக்கு அழையுங்கள்.

உடலைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடாதீர்கள். எங்களுக்குத் தெரிந்த ஒரு வீட்டில் எண்பது வயதுத் தாத்தா தூக்கத்தில் போய்விட்டார். பதற்றத்தில் ஆட்டோவில் ஏற்றி ஒரு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். கொண்டுவரும்போதே உயிர் இல்லை என்று எழுதி, போலீசுக்குத் தகவல் கொடுத்து, கடைசியில் பிரேதப் பரிசோதனை வரை போய்விட்டது. மறுநாள் மதியம்தான் உடல் கைக்கு வந்தது. ஆஸ்பத்திரி மேல் குற்றமில்லை. முன்பின் பார்க்காத ஒருவரின் சாவுக்குக் காரணம் எழுதித் தர அவர்களால் முடியாது.

இறப்புக் காரணச் சான்று யார் தருவார்கள்?

வீட்டில் நடக்கும் சாவில் எல்லோரும் முட்டிக்கொள்ளும் இடம் இதுதான். 1969-ஆம் ஆண்டு பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத்தின் 10-ஆம் பிரிவுப்படி, கடைசி நோயின்போது சிகிச்சை தந்த டாக்டர் இறப்புக்கான காரணத்தை எழுதித் தர வேண்டும். அதற்குக் கட்டணம் வாங்கக் கூடாது. ஆஸ்பத்திரிச் சாவுக்குப் படிவம் 4, வீட்டுச் சாவுக்குப் படிவம் 4ஏ. நகரங்களில் எரிமேடைக்குப் போனால் முதலில் கேட்பது இந்தச் சான்றும் இறந்தவரின் ஆதார் நகலும்தான். கிராமத்தில் வி.ஏ.ஓ.வுக்குத் தெரிவிப்பதோடு பெரும்பாலும் முடிந்துவிடும்.

பிரச்சினை என்னவென்றால், "பார்த்துக்கொண்டிருந்த டாக்டர்" என்று ஒருவர் பல வீடுகளில் இருப்பதில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்திருப்பார்கள், அங்கிருந்து யாரும் வீட்டுக்கு வர மாட்டார்கள். தெருமுனை கிளினிக்கில் போய் நின்றால் "நான் பார்த்த பேஷன்ட் இல்லையே" என்பார். அவர் சொல்வது சரிதான்.

அதனால் ஆள் படுக்கையில் விழுந்த உடனேயே ஒரு டாக்டரைப் பிடித்துவிடுங்கள். பக்கத்தில் இருப்பவராக, மாதம் ஒருமுறையாவது வீட்டுக்கு வந்து பார்க்கிறவராக இருக்கட்டும். வெட்கப்படாமல் நேரடியாகவே கேளுங்கள்: "டாக்டர், வீட்டிலேயே முடிந்தால் நீங்கள் வந்து சான்று தருவீர்களா?" டிஸ்சார்ஜ் சம்மரி, மருந்துச் சீட்டு, ஆதார் நகல் எல்லாம் ஒரே பையில் இருக்கட்டும். அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்ட்டில் தொடங்கியது. படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு அதில் வீடு தேடி வலிநிவாரணப் பராமரிப்பு தருகிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுத்து வையுங்கள். நோய் விவரம் எழுத்தில் பதிவாகியிருப்பது பின்னால் கைகொடுக்கும்.

போலீசுக்குச் சொல்லியே ஆக வேண்டிய சாவு எது?

தற்கொலை, விபத்து, தவறி விழுந்தது, பாம்புக்கடி, மின்சாரம், தீ, விஷம், நீரில் மூழ்கியது, யாராவது அடித்திருக்கலாம் என்ற சந்தேகம். இதில் எதுவானாலும் உடலைக் குளிப்பாட்டாதீர்கள், இடத்தை மாற்றாதீர்கள். திருமணமாகி ஏழு ஆண்டுக்குள் ஒரு பெண் தற்கொலை செய்துகொண்டாலோ, சாவில் சந்தேகம் இருந்தாலோ கோட்டாட்சியர் விசாரணையும் உண்டு. "ஊருக்குத் தெரிந்தால் அசிங்கம், சீக்கிரம் எடுத்துவிடுவோம்" என்று பெரியவர்கள் யாராவது கிளம்புவார்கள். கேட்காதீர்கள்.

முதல் இரண்டு மணி நேரத்தில் உடலுக்கு என்ன செய்ய வேண்டும்?

இறந்து இரண்டு மூன்று மணி நேரத்தில் உடல் விறைக்கத் தொடங்கும். முதலில் இமை, தாடை, கழுத்து, பிறகு கை, கடைசியில் கால். முழுதாக விறைத்த பின் ஒன்றும் செய்ய முடியாது. நம் ஊர் வெயிலில் எல்லாமே கொஞ்சம் முந்தித்தான் நடக்கும். நாடிக்கட்டும் கால் பெருவிரல் கட்டும் வெறும் சம்பிரதாயம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பாட்டி அவசரம் அவசரமாகக் கட்டியதன் காரணம் இந்த விறைப்புதான்.

மல்லாக்கப் படுக்க வைத்து, தலைக்கு ஒரு தலையணை கொடுங்கள். தலை தாழ்ந்திருந்தால் இரத்தம் முகத்துக்கு இறங்கி நிறம் கருத்துவிடும். இமையை மெதுவாக இறக்கி அரை நிமிடம் விரலால் அழுத்திப் பிடியுங்கள். மூடாவிட்டால் ஈரப் பஞ்சு வைக்கலாம். பல்செட்டை இப்போதே போட்டுவிட வேண்டும், பிறகு வாய் திறக்காது. வேட்டிக் கிழிசலைத் தாடைக்கு அடியில் கொடுத்து உச்சியில் முடியுங்கள், மிக இறுக்கமாக வேண்டாம், தடம் விழும். கைகளை நீட்டி விட்டு, கால்களைச் சேர்த்துப் பெருவிரல்களைக் கட்டுங்கள். வருடக்கணக்கில் படுக்கையில் இருந்து முழங்கால் மடங்கிப் போனவர்களை வலுக்கட்டாயமாக நிமிர்த்த வேண்டாம். காலுக்கு அடியில் துணிச்சுருள் கொடுத்தால் போதும்.

மோதிரம், வளையல், மெட்டி எல்லாம் முதல் மணி நேரத்திலேயே. நேரம் போனால் விரல் வீங்கும், சோப்புத் தண்ணீர் போட்டாலும் வராது. கழற்றிய நகையை இரண்டு பேர் முன்னால் எண்ணி ஒருவர் கையில் கொடுங்கள். இழவு வீட்டில் மூண்ட நகைச் சண்டைகள் பதினாறாம் நாளையும் தாண்டிப் போனதைப் பார்த்திருக்கிறேன்.

குளிப்பாட்டுவது எப்படி?

வாசலில் எல்லோரும் பார்க்க நாற்காலியில் உட்கார வைத்துக் குடம் குடமாக ஊற்றுகிற வழக்கம் எனக்குப் பிடிப்பதில்லை. அப்பாவுக்கு நாங்கள் உள்ளறையிலேயே கதவைச் சாத்திக்கொண்டு முழுதாகச் சுத்தம் செய்துவிட்டோம். வெளியில் நீர்மாலை எடுத்து வந்த தண்ணீரைத் தலையில் மூன்று முறை ஊற்றியதோடு சரி. சாங்கியமும் கெடவில்லை, மானமும் கெடவில்லை.

மூன்று பேர் இருந்தால் நல்லது. கையுறை போட்டுக்கொள்ளுங்கள். ஒரு போர்வையால் மூடியபடியே, துடைக்கும் பகுதியை மட்டும் திறந்து, வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த துண்டால் முகத்திலிருந்து கீழே துடைத்து வாருங்கள். அடிவயிற்றை லேசாக அழுத்தினால் உள்ளே இருக்கும் சிறுநீர், மலம் வெளியேறும். அதைச் சுத்தம் செய்து பெரியவர்களுக்கான டயப்பர் ஒன்று கட்டிவிட்டால் பிறகு கவலையில்லை. சிறுநீர்க் குழாய், மூக்குக் குழாய் இருந்தால் சான்று தர வரும் டாக்டரிடமோ நர்ஸிடமோ சொல்லி எடுத்துவிடுங்கள். படுக்கைப் புண்ணுக்குப் பஞ்சும் பிளாஸ்டரும். மூக்கில் பஞ்சு சின்னதாக உள்ளே போக வேண்டும், வெளியே துருத்திக்கொண்டு நிற்க வேண்டியதில்லை.

பக்கவாட்டில் திருப்பும்போது ஒரு முனகல் வரலாம். உயிர் திரும்பிவிட்டதோ என்று யாராவது கத்துவார்கள். நுரையீரலில் மிச்சமிருந்த காற்றுதான் அது. முதுகில், தொடையின் பின்புறத்தில் செந்நீலத் திட்டுகள் தெரியும். இரத்த ஓட்டம் நின்றதும் இரத்தம் கீழ்ப்பக்கம் இறங்கித் தேங்குவதால் வருவது. "யாரோ அடித்திருக்கிறார்கள்" என்று இதை வைத்தே உறவில் பிளவு வந்ததுண்டு, தெரிந்துவைத்திருங்கள்.

சட்டையை முதுகுப் பக்கம் நடுவில் வெட்டி இரண்டு கையிலும் போட்டுச் செருகிவிடலாம். புடவை என்றால் ஜாக்கெட்டுக்கும் இதே வழி.

தொட்டால் நோய் வருமா?

சாதாரண நோயில் இறந்தவரின் உடல், நேற்று அவர் உயிரோடு படுத்திருந்தபோது இருந்ததைவிட ஆபத்தானதல்ல. நேற்று வரை நீங்கள்தானே துடைத்துவிட்டீர்கள்? காசநோய் என்றால் முகக்கவசம் போடுங்கள், உடலைத் திருப்பும்போது வாயில் ஒரு துணி வையுங்கள். மஞ்சள் காமாலை, எச்.ஐ.வி. என்றால் கையுறை கட்டாயம், கையில் காயம் உள்ளவர் தள்ளி நிற்கட்டும். முடித்ததும் சோப்பு போட்டுக் குளியுங்கள். சாவு வீட்டுக்குப் போய்வந்தால் தலைக்குக் குளிக்கிற வழக்கம்தான் இருக்கவே இருக்கிறதே.

ஐஸ் பெட்டி வேண்டுமா, வேண்டாமா?

எவ்வளவு நேரம் வைத்திருக்கப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. காலையில் இறந்து மாலையில் எடுப்பதாக இருந்தால் தேவையே இல்லை. துபாயிலிருந்து மகன் வர வேண்டும், நாளைக்குத்தான் எடுப்போம் என்றால் வேண்டும். கோடையில் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் போனால் அடிவயிறு பச்சை பூக்கத் தொடங்கும், வாடை வரும். பெட்டி வைப்பதென்றால் சீக்கிரமே வையுங்கள். ஏற்கெனவே கெடத் தொடங்கிய உடலை அது பழைய நிலைக்குக் கொண்டுவராது. ஈரத்துணியோடு வைக்காதீர்கள். தனி பிளக் பாயின்ட் கொடுங்கள், கரண்ட் போனால் என்ன செய்வது என்று முன்கூட்டியே பெட்டிக்காரரிடம் கேளுங்கள். வருகிறவர்கள் எல்லோருக்கும் மூடியைத் திறந்து காட்டினால் பெட்டி வைத்தும் பயனில்லை.

எனக்கு ஒரு மனக்குறை உண்டு. பெட்டி வந்த பிறகு யாரும் தொடுவதில்லை. கண்ணாடி மேல் தலையை முட்டி அழுகிறார்கள். பெரிய அத்தைக்கு ஐந்து மணி நேரம் பாயில் வைத்திருந்துவிட்டுத்தான் பெட்டியில் வைத்தோம். வந்த பெண்கள் எல்லோரும் அவள் கையைப் பிடித்துக்கொண்டே ஒப்பாரி வைத்தார்கள்.

கண் தானம், உடல் தானம் செய்வதானால்?

கண்ணுக்கு ஆறு மணி நேரம்தான் கெடு. உடனே அரசு சுகாதார உதவி எண் 104-க்கோ பக்கத்துக் கண் வங்கிக்கோ சொல்லுங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள், இமைகளை மூடி ஈரப் பஞ்சு வையுங்கள், தலையை உயர்த்தி வையுங்கள். வீட்டுக்கே வருவார்கள், அரை மணி நேர வேலை, முகம் விகாரமாகாது. கண்ணாடி போட்டவர், கண்புரை ஆபரேஷன் செய்தவர், சர்க்கரை நோயாளி எல்லோரும் தரலாம். உயிரோடிருக்கும்போது எழுதி வைக்காவிட்டாலும் குடும்பம் சம்மதித்தால் போதும்.

உடல் தானம் என்றால் பக்கத்து மருத்துவக் கல்லூரியின் உடற்கூறியல் துறையில் முன்பே கேட்டு வையுங்கள். எல்லா உடலையும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள், பிரேதப் பரிசோதனை செய்த உடலைப் பொதுவாக வாங்குவதில்லை.

பெண்கள் செய்யலாமா? சுடுகாட்டுக்கு வரலாமா?

வீட்டுக்குள் நடக்கும் வேலை முழுவதும் காலங்காலமாகப் பெண்கள் கையில்தான். தெருமுனையில் நிறுத்திவிடுவது மட்டும்தான் வழக்கம், அது சட்டம் இல்லை. மகள் கொள்ளி வைப்பதைத் தடுக்க யாருக்கும் அதிகாரம் இல்லை. அப்பாவுக்கு என் தங்கைதான் வைத்தாள். பங்காளிகள் இரண்டு பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள், கருமாதிச் சாப்பாட்டுக்கு வந்துவிட்டார்கள்.

"குடும்பமே செய்வது" என்கிறீர்கள். நம் ஊரில் இதைச் செய்தது இன்னொரு சாதிக்காரர்கள் அல்லவா?

நியாயமான கேள்வி. சேதி சொல்லப் போனது, பறை அடித்தது, சவரம் செய்தது, மாற்றுத்துணி கொண்டுவந்தது, குழி வெட்டியது, சிதை பக்கத்தில் ராத்திரி முழுக்க நின்றது எல்லாம் இன்னார் என்று விதித்து வைத்திருந்தோம். கூலி ஒழுங்காகக் கொடுத்ததும் இல்லை. அந்தக் காலத்துக்கு ஏங்கி நான் இதை எழுதவில்லை. தன் அப்பாவின் உடம்பைத் துடைக்கக் கூசுகிறவர், அதை வேறொருவர் சாதியைக் காரணம் காட்டி அவர் தலையில் கட்டக் கூடாது என்பதுதான் என் பேச்சு. மயானத்தில் வேலை செய்கிறவருக்குப் பேசிய கூலியைக் கையில் மரியாதையாகக் கொடுங்கள். தரையில் வைத்துவிட்டுத் தள்ளி நிற்கிற பழக்கம் இன்னும் சில ஊரில் இருக்கிறது.

முஸ்லிம், கிறித்தவ வீடுகளில்?

முஸ்லிம் வீடுகளில் இந்த அறிவு இன்னும் விட்டுப்போகவில்லை. ஆணை ஆண்களும் பெண்ணைப் பெண்களும் குளிப்பாட்டுவார்கள், கணவனுக்கு மனைவி செய்யலாம். கடைசித் தண்ணீரில் கற்பூரம் கலப்பார்கள். உடலைச் சுற்றும் கஃபன் துணி ஆணுக்கு மூன்று, பெண்ணுக்கு ஐந்து. தாமதிக்காமல் அடக்குவதால் ஐஸ் பெட்டிக்குப் பெரும்பாலும் வேலை இல்லை. கிறித்தவர்கள் பங்குச் சாமியாரிடமோ போதகரிடமோ முதலில் சொல்லிவிட வேண்டும், கல்லறை இடம் அவர்கள் கையில். உடலைக் கவனிப்பதில் மேலே சொன்னவை எல்லா வீட்டுக்கும் பொது.

சொந்த நிலத்தில் புதைக்கலாமா?

தோட்டத்திலேயே வைத்துக்கொள்ளலாம் என்று ஆசைப்படுவார்கள். பட்டா இருந்தாலும் இடுகாடாக அனுமதி பெறாத இடத்தில் புதைக்க முடியாது. கிராம ஊராட்சிகளுக்கான 1999-ஆம் ஆண்டு விதிகள் குடியிருப்புக்கும் குடிநீர் ஆதாரத்துக்கும் 90 மீட்டருக்குள் கூடாது என்கின்றன. அனுமதி இல்லாமல் புதைத்துவிட்டுத் தோண்டி எடுக்கச் சொல்லி வழக்கு நடந்தால் அதைவிடக் கொடுமை வேறில்லை.

எரிப்பதானால் ஒன்று மறக்காதீர்கள். நெஞ்சில் பேஸ்மேக்கர் இருந்தால் முன்பே எடுக்க வேண்டும், சூட்டில் வெடிக்கும். கேஸ் மேடையில் இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்து அன்றே சாம்பல் தருவார்கள். கிராமத்தில் விறகும் வறட்டியும் அடுக்கி, வைக்கோல் மூடி, களிமண் பூசி மூட்டம் போட்டால் மறுநாள் பால் தெளிக்கப் போகும்போதுதான் எலும்பு எடுப்பது.

பதிவு எங்கே, எப்போது?

21 நாளுக்குள். அதுவரை கட்டணம் இல்லை. எந்த ஊரில் உயிர் பிரிந்ததோ அந்த ஊரில்தான் பதிவு, ரேஷன் கார்டு எங்கே இருந்தாலும் சரி. மதுரைக்காரர் சென்னையில் மகள் வீட்டில் இறந்தால் சென்னையில். கிராமத்தில் வி.ஏ.ஓ., நகரத்தில் நகராட்சி அல்லது மாநகராட்சி சுகாதாரப் பிரிவு. ஓராண்டு தாண்டினால் கோட்டாட்சியர் உத்தரவு வாங்க அலைய வேண்டும். பெயர் எழுத்துக்கு எழுத்து ஆதாரில் உள்ளபடி இருக்கிறதா என்று அங்கேயே சரிபாருங்கள். வாரிசுச் சான்று, வங்கி, பென்ஷன் எல்லாம் இதில்தான் தொங்குகிறது.

ஆஸ்பத்திரியில் இறந்தால் இதெல்லாம் முடியாதா?

முடியும். சான்று அங்கேயே கிடைத்துவிடும். உடலை வீட்டுக்குக் கொண்டுவந்து எல்லாம் செய்யலாம். 108 உயிரற்ற உடலை ஏற்றாது. அரசு ஆஸ்பத்திரி என்றால் இலவச அமரர் ஊர்திக்கு 155377. வாசலில் நிற்கும் தனியார் வண்டியில் ஏறுமுன் இதைக் கேட்டுப் பாருங்கள்.

அமெரிக்காவில் இருக்கிறோம். அங்கே வீட்டில் வைத்துச் செய்ய விடுவார்களா?

பெரும்பாலான மாநிலங்களில் விடுவார்கள். நியூயார்க், நியூ ஜெர்சி, இல்லினாய், மிச்சிகன் போன்ற சில மாநிலங்களில் ஏதாவது ஒரு கட்டத்தில் உரிமம் பெற்ற இறுதிச்சடங்கு நிறுவனம் வந்தே ஆக வேண்டும். உடலுக்கு மருந்தேற்றிப் பதப்படுத்துவது அங்கே 1861 முதல் 1865 வரை நடந்த உள்நாட்டுப் போரில், இறந்த சிப்பாய்களை ஊருக்கு அனுப்பப் போய்ப் பரவிய பழக்கம். பொதுவாக அது சட்டக் கட்டாயம் இல்லை. கட்டாயம் என்று பொய் சொல்லி விற்கக் கூடாது, ஒவ்வொன்றுக்கும் தனித்தனி விலைப்பட்டியல் தர வேண்டும் என்று 1984 முதல் மத்திய அரசின் விதி இருக்கிறது. வீட்டில் வைப்பவர்கள் உலர் பனிக்கட்டியை முதுகுக்கு அடியில் துணி சுற்றி வைக்கிறார்கள். ஜன்னலைத் திறந்து வையுங்கள், அதிலிருந்து வரும் வாயு மூச்சடைக்கும். எரிப்பதற்கு முன் ஒரு நாள், இரண்டு நாள் காத்திருக்கச் சொல்லும் மாநிலங்களும் உண்டு. உங்கள் மாநில விதியை முதலிலேயே பார்த்துவிடுங்கள்.

பிள்ளைகளைக் கிட்டே விடலாமா?

விடலாம், அவர்கள் விரும்பினால். "தாத்தா தூங்குகிறார்" என்று மட்டும் சொல்லாதீர்கள், அப்புறம் ராத்திரி தூங்கப் பயப்படும். குளிப்பாட்டி உடுத்திய பிறகு கூட்டி வாருங்கள், உடம்பு சில்லென்று இருக்கும் என்று முன்பே சொல்லுங்கள். என் அக்கா மகன் ஆறு வயதில் தாத்தாவின் நெற்றிக்காசைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இது யாருக்கு?" என்று கேட்டான். யாருக்கும் பதில் தெரியவில்லை.

வீட்டில் என்ன எடுத்து வைக்க வேண்டும்?

டாக்டர் நம்பர், தாள்கள் உள்ள பை, ஒரு பெட்டி கையுறை, ஒரு ரோல் பஞ்சு, டயப்பர் இரண்டு, பழந்துண்டுகள் நாலு, கத்தரி, பிளாஸ்டர். கட்டில் விரிப்புக்கு அடியில் போட ரப்பர் ஷீட். அவருக்குப் பிடித்த வேட்டியோ புடவையோ எது என்று அவரிடமே கேட்டு எடுத்து வைத்தால் இன்னும் நல்லது. அத்தை தானே பீரோவைத் திறந்து காட்டினாள், மாம்பழக் கலரில் ஒரு சுங்குடி. அப்புறம் நாடிக்கட்டுக்குக் கிழிக்க ஒரு பழைய வேட்டி, நன்றாகத் துவைத்ததாக.